கமலா ஆரஞ்சு தீரும்வரை

ஒரு பனிக்காலம் முழுக்க எங்கள் தேன்பாறை பஜாரில் பெரியவர்கள் எல்லோரும் சின்ன வயசுக் குரலில் பேசிக்கொண்டிருந்தோம். செல்போன் வராத காலம் அது. வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் பஸ் எங்கள் பஜாரோடு திரும்பிக்கொள்ளும். அதற்கு மேலே காப்பித் தோட்டம், தோட்டத்து நிழல்மரங்களில் மிளகுக்கொடி, நடுநடுவே கமலா ஆரஞ்சு மரங்கள், அதற்கும் மேலே மேகம், அவ்வளவுதான். இப்போது அந்த வருசத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் தொண்டையைச் செருமிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்.

கார்த்திகைக் கடைசியில் விடாமல் பெய்த மழையில் மலை ரோடு சரிந்துபோனது. மழை நின்று, மார்கழி பிறந்து, பனி இறங்கிப் புல்லெல்லாம் வெள்ளையாகிவிட்ட பிறகும் ரோடு சரியாகவில்லை. பழங்களுக்கு அதெல்லாம் தெரியுமா? அவை பாட்டுக்குப் பழுத்தன. மேலேயிருந்து கூடை கூடையாகக் கமலா ஆரஞ்சும் மலைவாழையும் கொய்யாவும் பப்பாளியும் கொடியில் காய்க்கிற தாட்பூட் பழமும் இறங்கிவந்து இப்ராகிம் ராவுத்தரின் பழக் கிடங்கில் நிறைந்து, கிடங்கு கொள்ளாமல் வாசலுக்கு வந்து, வாசலும் கொள்ளாமல் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கீழே கொண்டுபோக லாரி வர வழியில்லை. பஜார் முழுக்க ஒரே பழ வாசனை. துவைத்துக் காயப்போட்ட வேட்டியில்கூட ஆரஞ்சுத் தோல் மணத்தது. ராவுத்தர் கூடைகளுக்கு நடுவே இங்கும் அங்கும் நடந்து பார்த்துவிட்டு, கண் முன்னால் அழுகிப்போக விடுவதற்கு மனசில்லை, பஜாரே உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று சொல்லி, வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கிய பிரியாணி அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து கிடங்கு வாசலில் வைத்தார்.

போலீஸ் அவுட்போஸ்ட் ஏட்டு வீரணன்தான் அதற்குப் பெயர் கொடுத்தவர். மதுரையில் ஒரு ஓட்டலில் தான் சாப்பிட்டிருப்பதாகவும், பழங்களையெல்லாம் நறுக்கிக் கலந்து கிண்ணத்தில் தருவார்கள் என்றும், அதற்கு ஃப்ரூட் சாலட் என்று பெயர் என்றும் சொன்னார். பெயர் அவருடையது, கை அன்னக்கொடியுடையது.

அன்னக்கொடி, தையல்கடை திரவியத்தின் சம்சாரம். கடைக்குப் பின்கட்டில்தான் அவர்கள் வீடு. திரவியம் தைப்பார், அவள் காஜா எடுத்துப் பொத்தான் கட்டுவாள். திரவியம் அதிகம் பேசாத ஆள். வாயில் எப்போதும் ரெண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பார், பேசாமலிருக்க அது ஒரு சாக்கு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். முன்பெல்லாம் அப்படி இல்லை. அவர்களுக்கு ராசாங்கம் என்று ஒரே பையன் இருந்தான். ஒன்பது வயசில், இதே மாதிரி ஒரு பனிக்காலத்தில், காய்ச்சலில் போய்விட்டான். ரொம்ப வருசத்துக்கு முந்தி நடந்தது. அதற்குப் பிறகு திரவியம் அந்தப் பெயரை எடுத்ததே இல்லை; அன்னக்கொடி எடுக்காமல் இருந்ததே இல்லை. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஜெபமணி டீச்சரிடம் ஒருமுறை அவள் சொன்னாளாம், முகம் போட்டோவில் இருக்கிறது, உருவம் அவன் போட்டிருந்த பனியனில் இருக்கிறது, குரல் மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை, எவ்வளவு நினைத்தாலும் வர மாட்டேனென்கிறது என்று.

அவள் கை நறுக்குவதைப் பார்ப்பதற்கே ஒரு கூட்டம் நின்றது. முதலில் கொய்யாவை, செங்காயும் பழமுமாகக் கலந்து, அரிவாள்மனையில் அரிந்து அடியில் போட்டாள், எவ்வளவு கிளறினாலும் குழையாது என்று. அதன்மேல் பப்பாளி. அதன்மேல் கமலா ஆரஞ்சு. சுளையை அப்படியே போட விடமாட்டாள், ஒவ்வொரு சுளைக்கும் மேல்தோலை உரித்து, கொட்டையைத் தட்டி, உள்ளே இருக்கிற முத்து கலையாமல் போடச் சொன்னாள். அதற்காகவே பஜார்ப் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நகமெல்லாம் மஞ்சளாகும்வரை உரித்தார்கள். மலைவாழையைக் கடைசியில்தான் நறுக்க வேண்டும், நறுக்கிய கையோடு ஆரஞ்சுச் சாற்றை அதன்மேல் பிழிய வேண்டும், இல்லையென்றால் கறுத்துப்போகும். பிறகு தாட்பூட் பழத்தை ரெண்டாக வெட்டி, உள்ளேயிருக்கிற விதையும் கூழும் மணமுமான அந்த மஞ்சளை வழித்து மேலாக ஊற்றினாள். மலைத்தேன் ஒரு செம்பு, தோட்டத்து மிளகை இடித்துத் தூவியது ஒரு கை, உப்பு ஒரு சிட்டிகை. அண்டாவை வேட்டியால் மூடிக் கட்டி ஒரு ராத்திரி பனியில் வைத்தார்கள். விடிந்து திறந்தபோது அது கிணற்றடி மாதிரி சில்லென்றிருந்தது.

எல்லோரும் சாப்பிட்டோம். முதல் கிண்ணத்தை முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடும்மா என்று கேட்டவர் ராவுத்தர். அவர் எழுபதை நெருங்குகிற ஆள், ஏலம் போட்டுப் போட்டுத் தகரம் மாதிரி ஆன தொண்டை. ஆனால் கேட்டது ஒரு ஏழெட்டு வயசுப் பையனின் குரல், மூக்கடைத்த, கொஞ்சம் செல்லமான குரல். அவருடைய அக்கா மீரம்மா மாத்திரம் நிமிர்ந்து பார்த்து, மதரசாவுக்குப் போகும்போது இவன் இப்படித்தான் பேசுவான் என்று சொல்லிவிட்டுத் தன் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சொன்ன அவருடைய குரலும் சிறுமியின் குரலாகத்தான் இருந்தது. அவரவர் குரல் அவரவர் காதுக்கு மாறவில்லை. பக்கத்திலிருப்பவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதனால் அன்று காலையில் ஒருத்தரையொருத்தர் பார்த்து, என் குரல் எப்படி இருக்கிறது, என் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தோம், பஜார் மணியடித்த பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டது.

படுத்துத் தூங்கி எழுந்ததும் எல்லோருக்கும் பழைய குரல் திரும்பிவிட்டது. மறுபடி ஒரு கிண்ணம் சாப்பிட்டால் மறுபடி சின்னக் குரல். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்களுக்கு மாற என்ன இருக்கிறது. கமலா ஆரஞ்சு போடாமல் ஒருநாள் செய்து பார்த்தோம், ருசிக்குக் குறையில்லை, குரல் மாறவில்லை. ஏன் எதற்கு என்று அதற்கு மேல் யாரும் துருவவில்லை. பனிக்காலத்தில் மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வருகிறது, அதை யாராவது ஏனென்று கேட்கிறோமா.

பஜார் அதற்குத் தகுந்தபடி தன்னைத் திருத்திக்கொண்டது. ஏட்டு வீரணன் முதலில் கொஞ்சம் சிரமப்பட்டார்; கீச்சுக் குரலில் அதட்டினால் எவன் பயப்படுவான்? ஆனால் வரப்பு மரத்துக்காக நெடுநாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ரெண்டு தோட்டக்காரர்கள் அவர் முன்னால் வந்து, என் மரம், இல்லை என் மரம் என்று சிணுங்கிய குரலில் கத்திக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருத்தருக்குச் சிரிப்பு வந்து, அது அடுத்தவருக்கும் தொற்றி, ரெண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டதைப் பார்த்த பிறகு, எந்தத் தகராறு வந்தாலும் ஆளுக்கொரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பிறகு விசாரிக்கிறேன் என்று அனுப்ப ஆரம்பித்தார். ஜெபமணி டீச்சர், பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் வாத்தியார்கள் யாரும் சாலட் சாப்பிடக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரே ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் போய், வகுப்பில் பேசாதே என்று சொல்ல, பிள்ளைகள் எல்லாம் கைதட்டிவிட்டார்கள். பெருமாள் கோயில் பூசாரி மார்கழி விடியலில் மைக்கில் பாடும்போது வாயிலிருந்து சிறுவன் குரலும் ஒலிபெருக்கியிலிருந்து கிழவன் குரலும் வரும், ரெண்டு பேர் சேர்ந்து பாடுவது மாதிரி இருக்கும். எந்த மெஷினுக்குள்ளும் அந்தக் குரல் ஏறவில்லை.

பெண்களுக்குத்தான் அது வேறு மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த புருசனை எந்தப் பெண்டாட்டிக்குத் தெரியும்? சுமை தூக்குகிற மருதை, சின்னப் பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். இங்கே பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று தன் பேச்சையே மாற்றிக்கொண்டுவிட்டவர். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தேத்தண்ணி இருக்கா என்று கேட்டார். அந்தச் சொல்லை அவர் சம்சாரம் அதுவரை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. அவள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் எப்படி இருந்தன, மழை எப்படிப் பெய்யும், கங்காணி எப்படி விசில் ஊதுவார் என்று அன்று பூரா மருதை பேசினார், அவள் அவர் தலையில் பேன் பார்க்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படி மார்கழி போய்க்கொண்டிருந்தது. திரவியம் மட்டும் அதுவரை சாப்பிடவில்லை. பொங்கல் துணி குவிந்து கிடந்தது, தலை நிமிர நேரமில்லை. அன்னக்கொடியும் சாப்பிடவில்லை, குளிரில் அவளுக்குப் பல் கூசும், அதனால் எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பதோடு சரி. அவள் சாப்பிடவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை.

போகிக்கு முந்தின நாள் கடைசிச் சட்டையும் தைத்து முடித்துவிட்டு திரவியம் கால்களை நீட்டி உட்கார்ந்தார். அன்னக்கொடி ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, மெதுவாகச் சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தை நீட்டினார்.

"கொய்யா கொஞ்சம் காயா இருக்கு," என்றார்.

வாங்குவதற்காக நீட்டிய கையை அன்னக்கொடி எடுக்கவில்லை. கிண்ணத்தை வாங்கவும் இல்லை. வெளியே சட்டை வாங்க வந்து நின்றிருந்த எங்களில் சிலர் அதைப் பார்த்தோம். எங்களில் வயசானவர்களுக்கும் அந்தக் குரல் தெரிந்திருந்தது. பஸ் வந்ததும் ஓடிப்போய் டிரைவரிடம் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கெஞ்சுகிற குரல், எங்கள் கடைகளின் முன்னால் எல்லாம் ஓடித் திரிந்த குரல்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

திரவியத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கொய்யா கொஞ்சம் காயாக இருக்கிறதென்று மறுபடி சொன்னார். அவள் துணிக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாக, அழாமல், எங்களைப் பார்த்து, கேட்டீர்களா, இவன்தான், இப்படித்தான், நான் மறந்துபோயிருந்தேன் பாருங்கள் என்று சொன்னாள்.

அப்பன் குரல் பிள்ளைக்கு வருவது உலகத்தில் இல்லாததா. ஒன்பது வயசில் திரவியம் எப்படிப் பேசினாரோ அப்படித்தான் ராசாங்கம் பேசியிருக்கிறான். அதை ஒப்பிட்டுச் சொல்ல அதுவரை ஆளில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அண்டாவில் மிச்சமில்லாவிட்டாலும் அன்னக்கொடி வீட்டில் தனியாக ஒரு கிண்ணத்துக்குச் செய்தாள். சாயங்காலம் வெயில் மலைக்குப் பின்னால் போனதும் கடையைச் சாத்திவிட்டு திரவியம் சாப்பிடுவார். அதற்குப் பிறகு அவர் பேச வேண்டும். பேசுவதற்கு அவரிடம் என்ன இருந்தது? ரோடு மூடிக் கிடந்ததால் பேப்பர் வரவில்லை; பொட்டலம் கட்டி வந்த பழைய பேப்பர்களைப் படித்தார், காலண்டரின் பின்பக்கத்தைப் படித்தார், தையல் மெஷினோடு வந்த குறிப்புப் புத்தகத்தைப் படித்தார். ஜெபமணி டீச்சரிடம் நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இரவல் வாங்கி அன்னக்கொடி கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் படித்தார், வாய்ப்பாடும் சொன்னார். அவள் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். சில இடத்தில் சிரித்தாள், சில இடத்தில் திருத்தினாள், ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறும்போது எடுத்துக்கொடுத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாங்கள் ரேடியோவைத் தணித்துவைத்தோம்.

ஒரு சாயங்காலம் அவள் தயங்கித் தயங்கி, ஒரே ஒரு தடவை அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கேட்டாள். திரவியம் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். பனி இறங்கி எதிர்மலை மறையும்வரை அங்கேயே நின்றார். பிறகு உள்ளே வந்து கூப்பிட்டார். அவள், என்னய்யா ராசு, என்று பதில் சொன்னாள். அதற்குப் பிறகு அது தினமும் நடந்தது.

பஜாரில் இதைப் பற்றி ரெண்டு விதமாகப் பேச்சு இருந்தது. ஜெபமணி டீச்சருக்கு இது சரியாகப் படவில்லை. கர்த்தரிடத்தில் போனவனைத் தினமும் இழுத்துக்கொண்டு வருவது அவனுக்கும் நல்லதில்லை, அவளுக்கும் நல்லதில்லை என்றார். ஏட்டு, அவள் யாரிடம் என்ன கேட்டுவிட்டாள், ஒரு கிண்ணம் பழம்தானே என்றார். பேச்சு ரெண்டாக இருந்தாலும் காரியம் ஒன்றாக இருந்தது. மேலே தோட்டத்துக்குப் போய்வருகிற ஒவ்வொருத்தரும் மடியில் ரெண்டு கமலா ஆரஞ்சு கட்டிக்கொண்டு வந்து தையல்கடைப் படியில் வைத்துவிட்டுப் போனோம், டீச்சரும் வைத்தார்.

தை பாதியில் ரோடு திறந்தது. லாரிகள் வந்தன, பேப்பர் வந்தது, பஸ் வந்தது. ராவுத்தர் அண்டாவைக் கழுவி வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார். சாப்பிட்டது போதுமென்று மற்றவர்கள் எல்லாம் சொந்தக் குரலுக்கு வந்துவிட்டோம். சின்னக் குரலில் ரொம்ப நாள் இருந்தால் களைப்பாகத்தான் இருக்கிறது. மரங்களில் ஆரஞ்சு குறைந்துகொண்டே வந்தது. தையல்கடைக்கு மட்டும் தனியாக ஒரு கூடை கிடங்கு மூலையில் வைக்கோலுக்குள் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் திரவியம் ஏட்டிடம் போய் அவருடைய டேப் ரெக்கார்டரைக் கேட்டார். பொண்டாட்டிக்குப் பதிந்து வைத்துக்கொடுக்க நினைக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். கோயில் மைக் சங்கதி தெரிந்தும் வேண்டாமென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சாயங்காலம் பதிந்து, போட்டுக் கேட்டபோது, தைத்துத் தைத்துக் கூன் விழுந்த ஒரு மனுசன் இருமி இருமி நாலாம் வகுப்புப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அன்னக்கொடி அதை அணைக்கச் சொன்னாள். திரவியம் அணைக்காமல் நாடா முடியும்வரை காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் அவர் கிடங்குக்குப் போனார். ராவுத்தர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். திரவியம் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பேசினார்.

"அண்ணே, பஜாரே கேட்டுருச்சு. எனக்கு மட்டும் கேக்கல. என் காதுக்கு எப்பவும் கேக்குற இதே குரல்தான் கேக்குது. நான்தான் பேசுறேன், நான் அவன் குரலைக் கேக்கல."

ராவுத்தர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அவர் தோளில் கையை வைத்தார். திரவியம் ராசாங்கத்தின் பெயரைச் சொல்லாவிட்டாலும் அவனைப் பற்றிப் பேசி ராவுத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாசி பிறந்தது. பனி இளகிக் காலையிலேயே வெயில் அடிக்க ஆரம்பித்தது. மேலே எந்த மரத்திலும் ஆரஞ்சு இல்லை. கூடையின் அடியில் கிடந்த கடைசிப் பழங்களை, தோல் சுருங்கி இலேசாகிப் போனவற்றை, ராவுத்தர் ஒரு மத்தியானம் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு தையல்கடைப் பின்கட்டுக்குப் போனார். இனி இல்லையம்மா என்று சொல்லிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறதென்று சொல்லி, திரவியம் தன்னிடம் சொன்னதைச் சொன்னார்.

அதற்கு அன்னக்கொடி சொன்னதை ராவுத்தர் பிறகு எங்களிடம் சொன்னார். அண்ணே, நான் ஒரு நாளும் அதை நினைக்கவே இல்லையே, என்று மட்டும் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு நடந்தது அன்னக்கொடியே ஜெபமணி டீச்சரிடம் சொன்னது. அவள் அரிவாள்மனையை எடுத்துப்போட்டு, கொய்யாவையும் பப்பாளியையும் அரிந்தாள். ஆரஞ்சை ஒவ்வொரு சுளையாக உரித்தாள். உள்ளே சாறு வற்றி நார் மாதிரி ஆகியிருந்தது, அதிலும் நல்லதாகப் பார்த்து எடுத்தாள். தாட்பூட் பழம் ஒன்றுதான் கிடைத்தது. தேனும் மிளகும் உப்பும் போட்டாள். திரவியம் சாப்பாட்டுக்கு உள்ளே வந்தபோது கிண்ணம் தயாராக இருந்தது. இன்னும் சாயங்காலம் ஆகவில்லையே என்று அவர் கேட்டுக்கொண்டே கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து, முதல் வாயைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். பல் கூசியது. கண்ணை இறுக்கிக்கொண்டு மென்று விழுங்கினாள். அவள் எடுத்தது கடைசிப் பழம் என்பது அவருக்குத் தெரியும்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் சின்ன வயசில் எப்படிப் பேசினாள் என்று சொல்ல அவள் பக்கத்தில் யாரும் உயிரோடு இல்லை. அந்தக் குரலில் பிள்ளையின் சாயல் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால், கடைசிப் பழத்தையும் வீணடித்த மாதிரி ஆகிவிடும். ஆனாலும் வாயைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அப்பா."

திரவியம் நிமிரவில்லை.

"அவன் மாதிரி இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குத் தோன்றியது. திரவியம் பொய் சொல்லத் தெரியாத ஆள்.

"முழுசா இல்ல," என்றார். "இன்னொரு தடவை கூப்பிடு."

அவள் கூப்பிட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

"கடைசியில இழுக்குறது இருக்கே, அது அவனேதான். அந்த இழுவை எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. உன்னோடதா அது?"

அவளுக்கும் தெரியாது. அவள் காதுக்கு அவள் குரல் மாறியிருக்கவில்லையே. அதனால் அவர் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்; அப்பா, ஹாரன் அடிக்கச் சொல்லுங்கப்பா, அப்பா, எனக்கு ஒரு நிஜார் தைங்கப்பா, அப்பா, கால் வலிக்குது, தூக்கிக்கங்கப்பா. ராசாங்கம் என்னென்ன கேட்பானோ அத்தனையும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. திரவியம் ஒவ்வொன்றுக்கும் சரி என்றார். தைத்துத் தருகிறேன் என்றார். வா, தூக்கிக்கொள்கிறேன் என்றார். பிறகு அழுதார். பையனை எடுத்துக்கொண்டு போனபோதுகூட அழாத மனுசன், அந்த வீட்டுச் சுவர் அதிரும்படி அழுதார். அன்னக்கொடி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அழாதீங்கப்பா, அழாதீங்கப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது யார் குரல் என்று அவள் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை என்றாள்.

அழுது ஓய்ந்த பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அவரும் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் இருந்தவர்கள் ரேடியோவைத் தணிக்கக் கையைக் கொண்டுபோனபோது, சுவருக்கு அந்தப் பக்கம் பாடப் புத்தகம் படிக்கிற சத்தம் இல்லை. ரெண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் பேச்சில் ஒருத்தர் குறுக்கே விழுந்து, முந்திக்கொண்டு, ஏதோ ஒரு ஆட்டுக்குட்டியைப் பற்றி, ஏதோ ஒரு மழையைப் பற்றி, அவன் கீழே விழுந்தது நீ சொல்கிற இடத்தில் இல்லை, நான் சொல்கிற இடத்தில்தான் என்று சண்டை போட்டுக்கொண்டு, நடுவே சிரித்துக்கொண்டு. நாங்கள் ரேடியோவை அணைத்துவிட்டோம்.

அடுத்த வருசமும் கமலா ஆரஞ்சு காய்த்தது. அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து எல்லாம் அதேபடி செய்தோம், அதே ருசி இருந்தது. ராவுத்தர்தான் முதலில் வாயைத் திறந்தார், தகரக் குரல்தான் வந்தது. இன்றுவரைக்கும் மார்கழிக்கு மார்கழி செய்கிறோம். சாப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். யாராவது பேசுவார்கள். பிறகு எல்லோரும் பேசுவோம்.

ஆனால் அந்த மாசியில், கடைசிப் பழம் தீர்ந்ததற்கு மறுநாள் காலையில், திரவியம் கடையைத் திறக்காமல் டீக்கடைக்கு வந்தார். அவர் அங்கே வந்து உட்கார்கிற வழக்கம் கிடையாது. நகர்ந்து இடம் கொடுத்தோம். வாயில் குண்டூசி இல்லை. டீயை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, தன்னுடைய கரகரத்த சொந்தக் குரலில், யாரும் கேட்காமலே, "எங்க ராசாங்கத்துக்கு ஆடுன்னா பயம்," என்று ஆரம்பித்தார். ஏட்டு கிளம்ப எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். மருதை தலைச்சுமையை இறக்கி வைத்தார். அன்று பஜாரில் ஒரு கடையும் நேரத்துக்குத் திறக்கவில்லை.